ஏழு நெடுவரிசையில் அடங்காத வேலமரம்: உயிரின வகைப்பாட்டை டேட்டாபேஸில் வைப்பது எப்படி?

வேலங்காடு | ஞாயிறு காலை 9:12

வணக்கம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் பார்க்கும் மரம், செடி, பறவை, பூச்சி எல்லாவற்றையும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நான்கு வருடமாகக் குறித்து வருகிறோம். இதுவரை எக்செல்தான். 11,000 பதிவு தாண்டிவிட்டது, ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள், எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது. அதனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஓர் உயிரினத்துக்கு ஒரு வரி என்று டேபிள் போட்டேன். உலகம், தொகுதி, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரியே ஏழு நெடுவரிசை. இரண்டு வாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒரே கருவேலமரத்துக்குக் குடும்பம் என்ற இடத்தில் ஒருவர் ஃபேபேசி என்கிறார், ஒருவர் லெகுமினோசே, இன்னொருவர் மைமோசேசி. பெயரும் மூன்று: அகேசியா அரபிகா, அகேசியா நிலோட்டிகா, வச்செல்லியா நிலோட்டிகா. போன மாதம் ஓர் ஊராட்சிக்குக் கொடுத்த அறிக்கையில் "இந்தக் கண்மாயில் 3 வகைக் கருவேலம்" என்று அச்சாகிப் போய்விட்டது. அங்கே ஒரு பெரியவர், "தம்பி, நான் பிறந்ததிலிருந்து ஒண்ணைத்தான் பாத்திருக்கேன்" என்றார்.

துணைக்குடும்பம் போடவும் இடமில்லை. பூச்சிகளில் பாதிக்குக் குடும்பம் வரைதான் தெரியும், மீதி நெடுவரிசை காலி. இதை எப்படி அமைப்பது?

குறுக்குச்சாவி | ஞாயிறு காலை 10:05

ஏழு நெடுவரிசையைத் தூக்கிப் போடுங்கள். படிநிலை என்பது மரம். ஒவ்வொரு கணுவும் தன் அப்பா யார் என்று மட்டும் சொன்னால் போதும்.

எண் 1, மேல்எண் காலி, உலகம், பிளான்டே
எண் 40, மேல்எண் 1, குடும்பம், ஃபேபேசி
எண் 41, மேல்எண் 40, துணைக்குடும்பம், சீசால்பினியாய்டே
எண் 97, மேல்எண் 41, பேரினம், வச்செல்லியா
எண் 98, மேல்எண் 97, சிற்றினம், வச்செல்லியா நிலோட்டிகா

(நடுவில் உள்ளவற்றை விட்டிருக்கிறேன்.) மேல்எண் அதே டேபிளின் எண்ணுக்கே ஃபாரின் கீ (இன்னொரு வரியைச் சுட்டுவது, அந்த வரி இருந்தே ஆக வேண்டும்). அட்ஜசென்சி லிஸ்ட் என்பார்கள். நாளைக்குக் குலம், துணைப்பேரினம் எதைச் சேர்த்தாலும் டேபிள் மாறாது, ஒரு வரி கூடும், அவ்வளவுதான். குடும்பப் பெயர் ஒரே இடத்தில் இருப்பதால் மூன்று விதமாக எழுதவும் வழியில்லை. பூச்சிக்குக் குடும்பம் வரைதான் தெரியுமா? பதிவை அந்தக் குடும்பத்தின் கணுவிலேயே மாட்டுங்கள்.

ஃபேபேசிக்குக் கீழே உள்ள எல்லாம் வேண்டுமென்றால் வித் ரிகர்சிவ் (கிடைத்த கணுவின் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பத் தேடுவது) போட்டு ஒரே குவெரியில், அதாவது ஒரே தேடல் கட்டளையில் எடுக்கலாம். மேல்எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட மறக்காதீர்கள். ஃபாரின் கீ வைத்தாலே இண்டெக்ஸ் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், போஸ்ட்கிரெஸில் தானாக வராது.

ஏழரைமணி | ஞாயிறு காலை 11:40

தம்பி சொல்வது எழுத எளிது, எடுக்கக் கஷ்டம். நாங்கள் அந்தக் காலத்தில் நெஸ்டட் செட்தான் போடுவோம். ஒவ்வொரு கணுவுக்கும் இடது எண், வலது எண். மரத்தைச் சுற்றி எறும்பு ஊர்ந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கணுவுக்குள் நுழையும்போது ஓர் எண், அதன் பிள்ளைகளை எல்லாம் முடித்துத் திரும்பும்போது ஓர் எண். ஃபேபேசிக்கு 200, 960 என்றால், இடது எண் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லாம் ஃபேபேசியின் வாரிசு. ரிகர்ஷனே வேண்டாம், ஒரு பிட்வீன் போதும். எஸ்.க்யூ.எல். நூல்கள் எழுதிய ஜோ செல்கோ இதைப் பிரபலப்படுத்தியதே, டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல். கூட்டம் கூட்டமாக யோசிக்கும் மொழி என்பதால்தான்.

குறுக்குச்சாவி | ஞாயிறு மதியம் 12:10

அண்ணா, அது வேறு வழி இல்லாத காலத்து வழி. ரிகர்சிவ் குவெரி எஸ்.க்யூ.எல். தரத்தில் வந்தது 1999இல். ஆனால் போஸ்ட்கிரெஸுக்கு 8.4 பதிப்பில், 2009இல்தான் வந்தது. எஸ்.க்யூ.லைட்டுக்கு 2014. மைஎஸ்க்யூஎல்லுக்கு 8.0, அதாவது 2018. ஆரக்கிள்காரர்கள் மட்டும் கனெக்ட் பை வைத்து முன்பே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் காலத்தில் நானும் நெஸ்டட் செட்தான் போட்டிருப்பேன்.

இப்போது அதில் ஒரு பேரினம் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். பந்தியில் நடுவே ஓர் இலை போட்ட கதைதான். அதற்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் நகர வேண்டும், மேலே உள்ள முன்னோர் அத்தனை பேரின் வலது எண்ணும் மாற வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்த்தால் பூட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை எண் பிசகினால் மரம் கலைந்ததுகூடத் தெரியாது, தப்பான விடை அமைதியாக வந்துகொண்டிருக்கும்.

ஏழரைமணி | ஞாயிறு மதியம் 12:31

வகைப்பாடு தினமும் மாறுகிற சமாச்சாரமா? வருடத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து பட்டியல் வாங்கி மொத்தமாக ஏற்றினால் எண்ணை ராத்திரியே போட்டுவிடலாம். படிப்பது மட்டுமே வேலை என்ற இடத்தில் இன்றைக்கும் நெஸ்டட் செட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நத்தைவேகம் | ஞாயிறு மாலை 4:22

நடுவில் ஒரு வழி இருக்கிறதே, பாதையை அப்படியே எழுதி வைப்பது. வச்செல்லியா நிலோட்டிகாவுக்குப் பாதை "1.40.41.97.98." என்று. "1.40." என்று தொடங்குவதெல்லாம் ஃபேபேசி. போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே எல்ட்ரீ என்ற நீட்சி உண்டு.

நான் அனுபவத்தில் கற்றது இரண்டு. கடைசிப் புள்ளி முக்கியம். புள்ளி இல்லாமல் "1.4" என்று தேடினால் 1.4 மட்டுமல்ல, 1.40, 1.41, 1.47 எல்லாம் வந்து விழும். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பறவைப் பட்டியலில் தவளை இருந்தபோது. இன்னொன்று, எல்ட்ரீ இல்லாமல் வெறும் எழுத்தாக வைத்து லைக் போட்டுத் தேடினால், டேட்டாபேஸின் மொழி அமைப்பு (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) சி அல்லாமல் வேறாக இருக்கும்போது சாதாரண இண்டெக்ஸை அது தொடாது. டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் சேர்த்து இண்டெக்ஸ் போட வேண்டும்.

பாதையில் பெயரைப் போடாதீர்கள், எண்ணைப் போடுங்கள். பெயர் மாறும்.

வரிக்குதிரை | ஞாயிறு மாலை 5:02

ஏன் மோங்கோவில் (டேபிளுக்குப் பதில் டாக்குமென்டாக வைக்கும் டேட்டாபேஸ்) போடக் கூடாது? ஒரு டாக்குமென்டுக்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிடலாமே.

குறுக்குச்சாவி | ஞாயிறு மாலை 5:09

போடலாம். ஃபேபேசிக்குக் கீழே 60 இனம் இருந்தால் 60 டாக்குமென்டிலும் ஃபேபேசி என்று எழுதியிருக்கும். அது வேலங்காட்டின் எக்செல்லேதான், சட்டை மட்டும் வேறு.

நத்தை சொன்ன பாதை முறையில், ஒரு கிளையை இடம் மாற்றினால் அதன் கீழ் உள்ள பாதை எல்லாம் மாறும். குளோஷர் டேபிள் என்றும் ஒன்று உண்டு. யாருக்கு யார் முன்னோர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வரி. தேடுவது வேகம், ஆனால் வரிகள் பெருகும். அமெரிக்காவின் உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையமான என்.சி.பி.ஐ.யின் வகைப்பாட்டில் 20 லட்சத்துக்கு மேல் கணு. சராசரி ஆழம் 20 என்று வைத்தாலே 4 கோடி ஜோடி. உங்களுக்கு 1,500 கணு இருக்கலாம், அதற்கு எந்த முறையும் ஓடும், அதனால் திருத்த எளிதானதை எடுங்கள்.

கடலோரம் | ஞாயிறு இரவு 8:47

என்.சி.பி.ஐ. என்றதும் ஞாபகம் வந்தது. அவர்கள் கொடுக்கும் கணுக் கோப்பும் அட்ஜசென்சி லிஸ்ட்தான், எண், மேல்எண், நிலை. மனிதனுக்கு 9606. வேருக்கு எண் 1, அதன் மேல்எண்ணும் 1. தனக்குத் தானே அப்பா! அதை அப்படியே ஏற்றி, வேரிலிருந்து கீழே போகும் ரிகர்சிவ் குவெரியை யூனியன் ஆல் (வந்த வரியே திரும்ப வந்தாலும் சேர்த்துக்கொள்வது) போட்டு ஓட்டினேன். டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. யூனியன் மட்டும் போட்டால் வந்த வரியே திரும்ப வரும்போது நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை, ஏனென்றால் நான் ஆழம் என்று ஒரு நெடுவரிசை வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் ஒன்று கூடுவதால் ஒவ்வொன்றும் புது வரி ஆகிவிடுகிறது. வேரின் மேல்எண்ணைக் காலியாக்கிய பிறகுதான் அடங்கியது. (மைஎஸ்க்யூஎல் என்றால் 1,000 சுற்றில் தானே நிறுத்திப் பிழை சொல்லியிருக்கும். போஸ்ட்கிரெஸில் இப்படிச் சுற்றுவதைக் கண்டுபிடிக்க 14ஆம் பதிப்பிலிருந்து சைக்கிள் என்றே ஒரு சொல் உண்டு.)

அப்புறம் இன்னொரு கூத்து. எங்கள் கடல் உயிரினப் பட்டியலையும் ஒரு நண்பரின் மரப் பட்டியலையும் ஒன்றாக்கினோம், பேரினப் பெயரை வைத்து ஜாயின். ஃபைகஸ் என்று பார்த்ததும் அவருடைய ஆலமரம் 14ம் என் மெல்லுடலிகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அத்திப்பழ வடிவ ஓடு கொண்ட ஒரு கடல்நத்தைக்கும் பேரினப் பெயர் ஃபைகஸ்தான்.

வேலங்காடு | ஞாயிறு இரவு 9:15

என்னது! ஒரே பெயர் இரண்டுக்கு வைக்கலாமா? நான் பெயருக்கு யூனிக் (ஒன்றே இரண்டு தடவை வரக் கூடாது என்ற நிபந்தனை) போட்டு வைத்திருக்கிறேனே.

தும்பைப்பூ | திங்கள் காலை 6:30

வைக்கலாம் தம்பி. தாவரத்துக்கு ஒரு சட்டப்புத்தகம், விலங்குக்கு வேறு. ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. தாவரங்களில் ஃபைகஸ் லின்னேயஸ் 1753இல் வைத்தது. நத்தை ஃபைகஸ் ரோடிங் 1798இல் வைத்தது. மோரஸ் என்றால் முசுக்கொட்டை, ஒரு கடற்பறவையும் மோரஸ். அதனால்தான் பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயரை எழுதுகிறோம். அது அலங்காரம் இல்லை. உங்கள் யூனிக் பெயர், ஆசிரியர், எந்தச் சட்டப்புத்தகம் என்ற மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

நான் டேட்டாபேஸ்காரி இல்லை. உலர்தாவரத் தொகுப்பில் நிறைய வருடம் ஓட்டியவள். நேற்று முழுக்க நீங்கள் பேசியதைப் படித்தேன். மரத்தை எப்படி மடிப்பது என்று ஐந்து வழி சொல்லிவிட்டீர்கள். ஆனால் வேலங்காட்டுக்கு வந்த பிரச்சினை மரத்தால் வந்ததா? அவர் ஊராட்சியில் மாட்டிக்கொண்டது பெயரையும் உயிரினத்தையும் ஒன்று என்று நினைத்ததால். குறுக்குச்சாவியின் டேபிளிலும் அதே தப்பு இருக்கிறது, எண் 98இலேயே பெயரும் இருக்கிறது.

கருவேலத்தையே எடுப்போம். லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் மைமோசா நிலோட்டிகா. பிறகு அகேசியா நிலோட்டிகா ஆனது. அகேசியா அரபிகா என்று எழுதியவர்களும் இதே மரத்தைத்தான் எழுதினார்கள், பழைய தாவர நூல்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் அகேசியா என்பது ஒரே பேரினம் இல்லை, பல பேரினங்களின் கூட்டம் என்று தெரிந்தது. பிரித்தால் அகேசியா என்ற பெயர் யாருக்கு? அந்தப் பெயருக்கு மாதிரியாக (பெயர் யாருக்கு என்று தீர்மானிக்கும் இனமாக) இருந்ததே நம் கருவேலம்தான், முறைப்படி நமக்குத்தான் வர வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் மட்டும் 900 இனங்களுக்கு மேல் இருந்ததால், அத்தனையையும் மாற்ற முடியாது என்று மாதிரியையே மாற்றினார்கள். 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, பெரிய சண்டைக்குப் பிறகு 2011இல் மெல்பர்னில் உறுதியானது.

அதனால் கருவேலம், வெள்வேல், குடைவேல் எல்லாம் வச்செல்லியா. சீயக்காயும் கருங்காலியும் செனகாலியா. நீலகிரியில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட வாட்டில் மட்டும் இன்னும் அகேசியா! வந்தவருக்குப் பட்டா, இருந்தவருக்குப் புறம்போக்கு. ஒரே ஆறுதல், வச்செல்லியா என்ற பேரினத்தை 1834இல் வெளியிட்டவர்களில் ஒருவர் மதராஸில் வேலை பார்த்த ராபர்ட் வைட்.

இந்தக் கதை முழுவதிலும் மரம் ஒரு அங்குலம் நகரவில்லை. பெயர் நான்கு, உயிரினம் ஒன்று. அப்படியானால் இரண்டு டேபிள் வேண்டாமா? ஒன்றில் பெயர்கள்: எழுத்து, ஆசிரியர், ஆண்டு, சட்டப்புத்தகம். இன்னொன்றில் உயிரினம், அதாவது மரத்தின் கணு. ஒவ்வொரு பெயரும் எந்தக் கணுவைச் சேரும், ஏற்கப்பட்ட பெயரா இணைப்பெயரா என்பது பெயர் டேபிளில் இருக்கட்டும்.

குறுக்குச்சாவி | திங்கள் காலை 9:50

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. என் டேபிளில் அது ஓட்டைதான். என்.சி.பி.ஐ.யும் கணுவுக்கு ஒரு கோப்பு, பெயருக்கு ஒரு கோப்பு என்று தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள், இப்போதுதான் ஏன் என்று உறைக்கிறது. ஒரு கணுவுக்கு ஏற்கப்பட்ட பெயர் ஒன்றுதான் இருக்கலாம் என்பதைப் போஸ்ட்கிரெஸில் பகுதி யூனிக் இண்டெக்ஸாகப் போட்டுவிடலாம், ஏற்கப்பட்ட வரிகளுக்கு மட்டும்.

பார்த்த பதிவு நேரே கணுவின் எண்ணைச் சுட்டட்டும், சரிதானே? எழுதின பெயர் எதற்கு இன்னும்? நார்மலைசேஷன் (ஒரு தகவலை ஒரே இடத்தில் வைப்பது) பார்த்தால் அது தேவையில்லாத இரட்டிப்பு.

தும்பைப்பூ | திங்கள் காலை 10:20

இங்கேதான் நான் சண்டை போடுவேன்.

உலர்தாவரத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த கிளை ஒட்டியிருக்கும், கீழே வலது மூலையில் சேகரித்தவரின் சீட்டு. பிற்பாடு ஒருவர் வந்து, "இது அது இல்லை, இது" என்று சொன்னால், பழைய சீட்டைக் கிழிக்க மாட்டோம். புதுச் சீட்டில் பெயர், தீர்மானித்தவர், தேதி எழுதிப் பக்கத்தில் ஒட்டுவோம். 80 வருடத் தாளில் நான்கைந்து சீட்டு இருக்கும். யார், எப்போது, என்ன நினைத்தார் என்று எல்லாம் தெரியும். கடைசிச் சீட்டு தப்பு என்று தெரிந்தால் முந்தினதற்குத் திரும்பவும் முடியும். நீங்கள் கணு எண்ணை மட்டும் வைத்தால் பழைய சீட்டை எல்லாம் கிழித்த மாதிரி.

இரட்டிப்பு என்கிறீர்கள். அவர் வயலில் எழுதினது ஒரு நிகழ்ச்சி, அது மாறவே மாறாது. நாம் இன்றைக்கு அதை என்னவென்று கொள்கிறோம் என்பது கருத்து, அது மாறும்.

கடலோரம் | திங்கள் காலை 11:02

அக்கா சொல்வதற்கு ஒரு பறவை சாட்சி. நீலத்தாழைக்கோழிக்கு முன்பு போர்ஃபைரியோ போர்ஃபைரியோ என்று பெயர், மத்தியதரைக் கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை எல்லாம் ஒன்று. பிறகு அதைப் பல இனமாகப் பிரித்தார்கள். நம் ஊர்க் கண்மாயில் மேய்வது போர்ஃபைரியோ பொலியோசெஃபாலஸ். பழைய பெயர் இன்றும் செல்லும், ஆனால் அர்த்தம் சுருங்கிவிட்டது. இணைப்பெயர் டேபிளை வைத்துத் தானாக மாற்ற முடியாது, ஏனென்றால் பழைய பெயர் ஒன்று, புதுக் கணு பல. எங்கே பார்த்தது என்று பதிவு பதிவாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சேர்ப்பது சுலபம், பிரிப்பதில்தான் உயிர் போகும்.

ஏழரைமணி | திங்கள் மதியம் 1:15

சரி, நானும் இறங்கி வருகிறேன். ஆனால் ஒரு கேள்வி. நிலை வரிசை தப்பாமல் பார்ப்பது யார்? பேரினத்துக்கு அடியில் குடும்பத்தை மாட்டினால் உங்கள் டேபிள் வாயைத் திறக்காதே. பழைய ஏழு நெடுவரிசையில் அந்தத் தப்பு வரவே வராது.

குறுக்குச்சாவி | திங்கள் மதியம் 2:00

நல்ல கேள்வி அண்ணா. செக் நிபந்தனை தன் வரியின் மதிப்புகளைத்தான் சரிபார்க்கும், இன்னொரு வரியைப் பார்க்க முடியாது. ஒரு தந்திரம் உண்டு. நிலைகளுக்கு எண் கொடுத்து (குடும்பம் 50, துணைக்குடும்பம் 55, பேரினம் 70 என்பது போல், நடுவில் இடம் விட்டு), ஒவ்வொரு வரியிலும் அப்பாவின் நிலை எண்ணையும் வைப்பது. எண், நிலை இரண்டுக்கும் சேர்த்து ஃபாரின் கீ, அப்பாவின் நிலை தன் நிலையைவிடக் குறைவு என்று ஒரு செக். டிரிக்கரே (வரி மாறும்போது தானாக ஓடும் நிரல்) வேண்டாம்.

தும்பைப்பூ | திங்கள் மதியம் 2:25

நிலையே இல்லாத கணுவுக்கு? ஏ.பி.ஜி. என்ற பூக்கும் தாவர வகைப்பாட்டுக் குழுவின் 2016 வகைப்பாட்டில் துறைக்கு மேலே உள்ளவை எல்லாம் வெறும் கிளைகள், யூடிகாட், ரோசிட் என்று. அவற்றுக்கு நிலை கிடையாது. வகுப்பு என்றும் சொல்ல முடியாது.

குறுக்குச்சாவி | திங்கள் மதியம் 2:31

அங்கே என் தந்திரம் படுத்துவிடும். அப்படியானால் டிரிக்கர்தான், நிலை உள்ள முதல் முன்னோர் வரை மேலே ஏறிப் பார்த்து ஒப்பிட வேண்டும். அல்லது வாரம் ஒரு தடவை தப்பான ஜோடிகளைக் காட்டும் ஒரு குவெரி. 1,500 கணுவுக்கு நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

வேலங்காடு | புதன் இரவு 10:40

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிட்டேன். நான்கு டேபிள். கணு: எண், மேல்எண், நிலை. பெயர்: தும்பை அம்மா சொன்ன மாதிரி. பார்வை: இடம், தேதி, பார்த்தவர், அவர் எழுதின எழுத்து அப்படியே. சீட்டு: எந்தப் பார்வை, எந்தக் கணு, தீர்மானித்தவர், தேதி. எண்ணிக்கை எடுக்கும்போது ஒவ்வொரு பார்வைக்கும் கடைசிச் சீட்டை மட்டும் எடுக்கிறேன். ஊர்ப்பெயருக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது, கருங்காலி என்று செனகாலியா ஒன்றையும் சொல்கிறார்கள், எபனி மரத்தையும் சொல்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்தேன். கருவேலம் ஒன்று என்று வந்தது! சீமைக்கருவேலம் மட்டும் இரண்டாக வந்தது. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று 412, நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று 3. 2022இல் பேரினம் மாற்றினார்களாம், எங்களில் ஒரு பையன் மட்டும் படித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதியிருக்கிறான். 412 பதிவு இருந்த கணுவை நெல்டுமாவுக்குக் கீழே மாற்றி, இரண்டு பெயரையும் அதிலேயே சேர்த்தேன், பழையது இணைப்பெயர். அந்த 3 பதிவுக்கு மட்டும் புதுச் சீட்டு, 412 பதிவையும் தொடவில்லை.

ஒரே சந்தேகம் மிச்சம். முதல் வருட நோட்டில் 37 இடத்தில் வெறும் "வேல்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். கருவேலா, வெள்வேலா, குடைவேலா தெரியாது. வச்செல்லியா கணுவில் மாட்டவா?

தும்பைப்பூ | வியாழன் காலை 6:10

வச்செல்லியா என்று அடித்துச் சொல்ல முடியுமா? எழுதினவர் செனகாலியாவில் ஒன்றைப் பார்த்து வேல் என்றிருக்கலாம், சீமைக்கருவேலத்தையே சொல்லியிருக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக மேலே எந்தக் கணு வருகிறது பாருங்கள்.

வேலங்காடு | வியாழன் காலை 7:55

சீசால்பினியாய்டே. முன்பு மைமோசாய்டே என்று தனியாக இருந்ததாம், 2017இல் இதற்குள் சேர்த்துவிட்டார்களாம். 37 சீட்டையும் அந்தத் துணைக்குடும்பத்திலேயே ஒட்டிவிட்டேன். தீர்மானித்தவர் என்ற இடத்தில் என் பெயர். எழுதினவரில் இரண்டு பேர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கப் போகிறேன்.